உங்களுக்குத் தெரியுமா? – லாரிக்கும் படகுக்கும் ஒரே இன்ஜின்!

கோவில்பட்டித் தீப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பசுவந்தனை ரோட்டில் போகும் லாரியின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினும், தூத்துக்குடி விசைப்படகின் வயிற்றுக்குள் உறுமும் இன்ஜினும் பல நேரம் ஒரே குடும்பம்தான்.

வித்தியாசம் தண்ணீரில். லாரியின் ரேடியேட்டர் காற்றில் ஆறும். படகின் அடிவயிற்றில் காற்று ஏது? கடல்நீர்தான் ஆற்றவேண்டும். உப்புநீரை நேராக இன்ஜின் பிளாக்குக்குள் விட்டால் துரு அரிக்கும், சூட்டில் உப்புப் படிந்து வழி அடைபடும். அதனால் உள்ளே நல்ல தண்ணீர் சுற்ற, வெளியே ஓடும் கடல்நீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கடல்நீரை இழுப்பது பம்பிலுள்ள சின்ன ரப்பர் இம்பெல்லர். தண்ணீரில்லாமல் சில நிமிடம் சுற்றினாலே அதன் இதழ்கள் கிழிந்துவிடும். அருகே திருகியிருக்கும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும். மாதக்கணக்கில் கரையாமலே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

இன்ஜினைப் பிரித்துக் கோக்கத் தோதான காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. லைனர், பிஸ்டன் ரிங் மாற்றுவார்கள். கிராங்க்கைக் கிரைண்டிங்குக்கு அனுப்பி, கடைந்த அளவுக்குத் தடித்த பேரிங் போடுவார்கள். இன்ஜினும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் நேராக நிற்கின்றனவா என்பதை மட்டும் படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகே கடைசியாகப் பார்க்க வேண்டும். மரப்படகின் உருவம் தரையில் ஒன்று, தண்ணீரில் சற்றே வேறு.