கடத்தின் வயிறும் காதின் நத்தையும்

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையிலுள்ள மானாமதுரை, கர்நாடக இசைக் கச்சேரிக்குரிய கடத்தால் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தண்ணீர்ப் பானைக்கும் கடத்துக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சக்கரத்திலிருந்து இறக்கிய பச்சைப் பானையை உள்ளே அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி, சுவர் முழுவதையும் ஒரே சீராக இறுக்குவதில்தான் நாதம் பிறக்கிறது. சூளையில் வெந்தபின் சுருதியை அதிகம் மாற்ற இயலாது என்பதால், அந்தக் கையின் கணக்குக்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

கலைஞரின் விரல் பட்டதும் அதிரும் சுவர், அருகிலுள்ள காற்றை நெருக்கியும் தளர்த்தியும் விடுகிறது. காற்று இருந்த இடத்திலேயே ஊசலாட, அந்த நெருக்கமும் தளர்வும் மட்டும் அடுத்தடுத்துப் பரவுவதே ஒலி அலை ஆகும். மதுரையின் 35 பாகை வெயிலில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அதிர்வெண். அது கூடினால் சுருதி ஏறும்.

மீனாட்சியம்மன் கோவில் இசைத்தூண்களில் கல்லே அதிர்ந்து ஒலிக்கிறது; கடத்திலோ சுவரின் கணீர் ஒலியோடு, வாயைத் தட்டும்போது உள்ளிருக்கும் காற்றின் ‘கும்’மென்ற ஒலியும் எழுகிறது. வாய்ப்புறத்துக் காற்று உள்ளே அழுந்தி, வில்சுருள்போல் மீண்டு வருவதால் எழும் இந்த ஒத்ததிர்வை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் விளக்கினார். வயிற்றோடு அணைத்து வாயைச் சற்றே மூடினால் அவ்வொலி இன்னும் தாழ்வதும் இதனால்தான்.

காதுக்குழாயும், ஒரு முனை செவிப்பறையால் அடைபட்ட, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காற்றறையே. 3000 அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகளை அது தானே பெருக்கித் தருகிறது. செவிப்பறையின் அதிர்வை மூன்று சிற்றெலும்புகள், நத்தைக்கூடுபோல் சுருண்டு திரவம் நிரம்பிய உட்காதுக்குக் கடத்துகின்றன. அந்தச் சுருளை நீட்டினால் 35 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதன் வாசலருகே உயர்ந்த சுருதியும் உள்முனையருகே தாழ்ந்த சுருதியும் உணரப்படுவதால், கடத்தின் கணீரும் கும்மும் கலந்தே வந்தாலும், காது அவற்றை வெவ்வேறு இடங்களில் பிரித்து வாங்கிக்கொள்கிறது என்பது வியப்புக்குரியது.

இப்படிப் பிரியும் ஒலிகளை உணர்பவை, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 எனப்படும் மயிர்ச் செல்கள்; பேரொலியால் அவை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே திருவிழா ஒலிபெருக்கியின் முன்னே குழந்தைகளை நெடுநேரம் நிறுத்திவைப்பதைப் பெற்றோர் தவிர்க்க வேண்டும்.