தோற்ற வீரர் மீண்டும் பொருதலாமோ?

1980-ஆம் ஆண்டில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடினார். 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் தோற்று இழந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவரிடமிருந்து மீட்டவர் அலி. ஆதலின், தோற்றவர் மீண்டும் பொருதுதலே வீரமென நம் ஓசூர் மாணவரிற் சிலர் கருதக்கூடும். அக்கருத்தைச் சிறிது ஆராய்வோம்.

பிளாய்டு பாட்டர்சன் என்பார் 1959-இல் ஜோஹான்சனின் வலக்கைக் குத்திற்கு ஆற்றாது, மூன்றாம் சுற்றில் ஏழு முறை வீழ்ந்தார். மறு ஆண்டு அவரையே ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல்வர் இவரே. ஆயின் 1962-இல், தம்மினும் 25 இராத்தல் எடை மிகுந்த சோனி லிஸ்டனிடம் 2 நிமிடம் 6 நொடியில் தோற்றார். 1963-இல் மீண்டும் பொருதபோது நின்றது 2 நிமிடம் 10 நொடி. ஓராண்டு முயற்சியின் ஊதியம் நான்கு நொடியே!

நிற்க. தலையிற் படும் அடிகள் மூளையைக் கெடுக்குமென்பதை மார்ட்லாண்டு என்னும் மருத்துவர் 1928-லேயே எழுதினார். பாட்டர்சனும் 1998-இல் நினைவு தளர்ந்து, நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைமைப் பதவியைத் துறந்தார்.

ஆகவே, தோல்விக்குக் காரணம் திருத்தத்தக்க பிழையாயின் மறுபோட்டி தகும். எதிரியின் மிகுவலியாயின் தகாது என்பதே எம் துணிபு. வள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? அவ்வலியை அளந்து கூறத்தக்கார் பயிற்சியாளரும் மருத்துவருமேயன்றி, கைதட்டும் கூட்டத்தாரல்லர். அவர் சொற்கேட்டு விலகுதலும் வீரமேயாம்.