சோப்பு சாப்பாட்டுக்கு முன்னால்

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, ‘ஹெபடைட்டிஸ் ஏ’ வகை மஞ்சள் காமாலை, குடற்புழு ஆகியவை வெவ்வேறு நோய்கள். ஆனாலும் அவை பரவும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவரின் மலத்தோடு வெளியேறும் கிருமியோ புழுவின் முட்டையோ இன்னொருவரின் வாய்க்குள் போகிறது. விரல், ஈ, தண்ணீர், மண், உணவு ஆகியவற்றின் வழியாக இது நடக்கிறது என்பதை வாக்னர், லனுவா ஆகிய இருவர் உலக சுகாதார நிறுவனம் 1958இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். ஊர்த் தண்ணீரையும் ஈயையும் ஒரு குடும்பம் தனியாகக் கட்டுப்படுத்திவிட முடியாது. விரல்கள் மட்டும் முழுக்க அவரவர் பொறுப்பில் இருக்கின்றன.

கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இது இன்னும் முக்கியம். இங்கே பலரும் கவனிக்காத ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட உட்காருமுன் பெரும்பாலோர் கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொள்வதோடு சரி. சோப்பு வெளியே வருவது சாப்பிட்ட பிறகு, குழம்பின் எண்ணெயும் மீன் வாடையும் போவதற்காக. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தாலே இது தெரியும். சாப்பிட்ட பின் கழுவுவதில் தவறில்லை. ஆனால் நோயைத் தடுப்பது முன்னால் போடும் சோப்புதான்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? தோலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கிறது. கிருமிகளும் அழுக்கும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயோடு தண்ணீர் கலப்பதில்லை. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும். இதனால் நுரை பசையைப் பெயர்த்தெடுக்க, அதிலிருந்த கிருமிகள் தண்ணீரோடு போய்விடுகின்றன. ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களைச் சுற்றியிருப்பது கொழுப்பு உறை என்பதால், சோப்புப் பட்டால் அந்த உறையே சிதைகிறது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். சோப்புப் போட்டு குறைந்தது 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி, நகக்கண் ஆகியவைதான் அவசரத்தில் விட்டுப்போகும் இடங்கள். சோற்றைத் தொடுவதும் அந்த விரல்நுனிதான்.

விலை கூடிய ‘கிருமிநாசினி’ சோப்பு வாங்கத் தேவையில்லை. பாகிஸ்தானின் கராச்சியில் குடிசைப் பகுதிக் குடும்பங்களுக்குச் சோப்புக் கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை வாரந்தோறும் வலியுறுத்திச் செய்த ஆய்வு 2005இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சாதாரண சோப்புத் தந்த வீடுகளுக்கும் கிருமிநாசினி சோப்புத் தந்த வீடுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்கள் சாதாரண சோப்பைவிட மேலானவை என்பதற்குச் சான்று இல்லையென்று, அவை கலந்த கை கழுவும் சோப்புகளை விற்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது. சானிடைசர் பயணத்துக்கு உதவும். ஆல்கஹால் அளவு குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் கடும் வாந்தி பேதி தரும் நோரோ வைரஸிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. அழுக்குப் படிந்த கைக்கும் ஏற்றதல்ல.

கழிப்பறை போய்வந்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின், சமைக்குமுன், ஊட்டுமுன், உண்ணுமுன் ஆகிய நேரங்களில் கை கழுவுவதை விடவே கூடாது. பலரும் மறப்பது குழந்தைக்குக் கழுவிவிட்ட பின்புதான். குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கை தவறு. பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

கழுவிய கையை உலர்த்துவதும் கழுவுவதில் சேர்ந்ததே. ஈரக் கையில் கிருமி எளிதில் ஏறும், எளிதில் இறங்கும். முந்தானையிலோ வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஈரத்துண்டிலோ துடைத்தால் கழுவியதன் பலன் குறைந்துவிடும். ‘மெட்ராஸ் ஐ’ வந்த வீட்டில் தனித்துண்டு கட்டாயம். அந்த நோய் பார்வையால் தொற்றுவதில்லை. கண்ணைக் கசக்கிய கையும் பகிர்ந்துகொண்ட துண்டும் தலையணை உறையுமே அதைப் பரப்புகின்றன.

காய்ச்சிய தண்ணீரும் கையால் கெடும். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் சொம்பை முக்கி எடுக்கும்போது விரல்நுனிகளும் கூடவே முங்குகின்றன. குழாய் வைத்த மூடிய பாத்திரம் நல்லது. அது இல்லாவிட்டால், நீண்ட பிடியுள்ள கரண்டியை மொள்வதற்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

நகத்துக்குத் தனிக் கவனம் தேவை. கீரிப்பூச்சி என்னும் குடற்புழு இரவில் ஆசனவாயருகே முட்டையிடும். அரிப்பெடுத்துக் குழந்தை சொறியும்போது முட்டைகள் நகக்கண்ணில் ஏறி, காலையில் வாய்க்கே திரும்புகின்றன. மாத்திரை உள்ளேயிருக்கும் புழுவைத்தான் கொல்லும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் வீட்டிலுள்ள எல்லோரும் மாத்திரை சாப்பிடுவதோடு, நகத்தை ஒட்ட வெட்டி, விழித்ததும் கை கழுவி, உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் துவைத்தால்தான் புழு திரும்ப வராது.