தாத்தா எந்த வயதில் இறந்தார்?

நாடி பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அப்பா, தாத்தாவுக்கெல்லாம் என்ன வியாதி? எந்த வயசுல தவறினாங்க?" பெரும்பாலானவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

தருவைகுளத்திலிருந்து ஒரு மீனவத் தம்பி வந்தார். வயது 41. தங்கு கடலுக்குப் போகிறவர். கரையை விட்டால் திரும்பப் பல நாளாகும்.

"நெஞ்சு எரிச்சல் ஐயா. வாயுதான்... ஒரு சூரணம் குடுங்க. நாளைக்கழிச்சு கடலுக்குப் போகணும்."

"அப்பா இருக்காங்களா?"

"இல்லைய்யா, வயசாகிப் போயிட்டாங்க. தாத்தாவும் அப்படித்தான்."

எத்தனை வயது என்றால் தெரியவில்லை. "முதல்ல ஈ.சி.ஜி. எடுங்க. அப்படியே கோயில் ஏட்டுல அப்பா, தாத்தா வயசையும் பார்த்துட்டு வாங்க" என்றேன். "வாயுக்கு எதுக்குய்யா ஈ.சி.ஜி?" என்று சிரித்தபடி போனார்.

மறுநாள் வந்தபோது சிரிப்பு இல்லை. கையில் ஒரு துண்டுச்சீட்டு. அப்பா: ஞானஸ்நானம் 1947, அடக்கம் 1994. தாத்தா: ஞானஸ்நானம் 1916, அடக்கம் 1962. அதாவது 47, 46! பத்து வயசுப் பையன் கண்ணுக்கு 47 வயசு அப்பா கிழவராகத்தானே தெரிவார்? நேராக இதய மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. நடுக்கடலில் நெஞ்சு வலி வந்திருந்தால்..?

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னாலும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்னாலும் மாரடைப்பு வந்திருந்தால், உங்களுக்கும் ஆபத்து கூடுதல். அதனால்தான் வயது முக்கியம்.

எந்த ஏட்டில் எது கிடைக்கும்?

கோயில் பதிவேடு: ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று 1563-லேயே கத்தோலிக்கத் திருச்சபை விதித்துவிட்டது. குழந்தை பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்களில் அந்தத் தேதி பிறந்த நாளுக்கு நெருக்கமாக இருக்கும். உங்கள் ஊர் தனிப் பங்காவதற்கு முந்தைய பதிவு என்றால் தாய்ப் பங்கில் கேளுங்கள். பழைய ஏடு லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம். பெத்ருஸ் என்றால் இராயப்பன், பவுலுஸ் என்றால் சின்னப்பன், யோசேபுஸ் என்றால் சூசை. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கிற ஊர் நம்முடையது. ஆகவே தாய் தகப்பன் பெயரையும் ஒத்துப் பாருங்கள்.

திருமண ஏடு: அத்தை மகள், மாமன் மகளைக் கட்டத் திருச்சபையின் தனி அனுமதி வேண்டும். அதையும் ஏட்டில் குறிப்பார்கள். பரம்பரை ரத்த நோய், பிறவிக் காது கேளாமை போன்றவை சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் கூடுதலாக வரலாம் என்பதால், டாக்டருக்கு இந்த விவரம் உதவும்.

அரசு இறப்புச் சான்றிதழ்: இதில் தேதி தெரியும், இறந்த காரணம் தெரியாது. 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சான்றிதழில் காரணத்தை வெளியிடக் கூடாது! காரணத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய எக்ஸ்ரே, சர்க்கரைப் பரிசோதனைத் தாள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

மற்ற வீடுகளில்: ஜாதகம், கருமாதிப் பத்திரிகை, பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு, பள்ளிக்கூடச் சான்றிதழ், சொத்துப் பத்திரம் எல்லாமே உதவும். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு தேதியைச் சொல்லிவைத்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.

ஏடு வயதைச் சொல்லும். வியாதியைச் சொல்வது பாட்டிதான். "திடீர்னு சாஞ்சுட்டாரு" என்றால் மாரடைப்போ பக்கவாதமோ இருக்கலாம். "கால் புண்ணு ஆறவே இல்லை" என்றால் சர்க்கரையா என்று யோசிக்க வேண்டும். அவர்கள் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிவு கட்டுவது வைத்தியர் வேலை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று தலைமுறை, ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், வியாதி, அது வந்த வயது. எந்த வைத்தியரிடம் போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பி இப்போது தன் மகனுக்காக ஒரு நோட்டு போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. நீங்களும் பாட்டி இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்!