துனீசியா

துனீசியா (முழுப்பெயர்: துனீசியக் குடியரசு) வட ஆப்பிரிக்காவில் அமைந்துள்ள ஒரு நாடாகும். இதன் வடக்கிலும் கிழக்கிலும் மத்தியதரைக் கடலும், மேற்கில் அல்ஜீரியாவும், தென்கிழக்கில் லிபியாவும் எல்லைகளாக அமைந்துள்ளன. தலைநகரம் தூனிசு ஆகும். நாட்டின் பரப்பளவு 1,63,610 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பளவைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாகும். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம். நாணயம் தினார்.

புவியியல்

வடக்கே அட்லசு மலைத்தொடரின் கிழக்கு முனையும், தெற்கே சகாரா பாலைவனமும் உள்ளன. வடமேற்கு மலைகளில் ஆண்டுக்கு 1000 மி.மீ.க்கும் மேல் மழை பொழியும் இடங்கள் உண்டு. தெற்கில் 150 மி.மீ. மழைகூடக் கிடைப்பதில்லை. அல்ஜீரியாவில் தோன்றித் தூனிசு வளைகுடாவில் கலக்கும் மெசர்தா ஆறே நாட்டின் ஒரே வற்றாத ஆறாகும். மழையும் துறைமுகங்களும் வடக்கிலும் கிழக்குக் கரையிலும் அமைந்ததால், பெருநகரங்களும் தொழில்களும் அங்கேயே வளர்ந்தன. கரையோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான இந்த வேறுபாடு நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலும் தெளிவாகக் காணப்படுகிறது.

வரலாறு

பினீசியர்கள் கி.மு. 814இல் கார்த்தேச் நகரை நிறுவினர் என்பது மரபுவழிச் செய்தி. கி.மு. 146இல் உரோமர்கள் அந்நகரை அழித்தனர். அவர்கள் இப்பகுதிக்கு இட்ட "ஆப்பிரிக்கா" என்ற பெயரே பின்னர் கண்டம் முழுமைக்கும் வழங்கலாயிற்று. கி.பி. 670இல் அரபுப் படைத்தலைவர் உக்பா இப்னு நாபி கைரவான் நகரை நிறுவினார். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1332இல் தூனிசில் பிறந்தார். 1574இல் ஒட்டோமான் ஆட்சியும், 1881இல் பிரான்சின் பாதுகாப்பு ஆட்சியும் ஏற்பட்டன.

1956 மார்ச் 20 அன்று துனீசியா விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகத்து மாதம் இயற்றப்பட்ட குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்தது. 1957இல் குடியரசான பின் அபீப் பூர்கிபா முதல் குடியரசுத் தலைவரானார். 1987இல் அவரை அகற்றிவிட்டுப் பென் அலி ஆட்சியைக் கைப்பற்றினார்.

மக்கள்

பெரும்பான்மையோர் சுன்னி முசுலிம்கள். அரபு ஆட்சிமொழியாகும். கல்வியிலும் வணிகத்திலும் பிரெஞ்சு பரவலாகப் பயன்படுகிறது. தெற்கிலுள்ள சில ஊர்களில் பெர்பெர் மொழி பேசப்படுகிறது. செர்பா தீவில் தொன்மையான யூதச் சமூகம் ஒன்று வாழ்கிறது.

பொருளாதாரம்

ஒலிவ எண்ணெய், சுற்றுலா, ஆடைத் தொழில், பாசுபேட்டு ஆகியவை முக்கிய வருவாய் வழிகள். 1885இல் உள்நாட்டிலுள்ள காப்சா பகுதியில் பாசுபேட்டுப் பாறை கண்டறியப்பட்டது. அப்பாறையைக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்தால் பாசுபாரிக் அமிலம் கிடைக்கிறது. அதனுடன் அம்மோனியா சேர்த்து உரம் தயாரிக்கப்படுகிறது. இவ்வினையில் பெருமளவு ஜிப்சம் கழிவாக மிஞ்சுகிறது. காபெசு நகர ஆலைகளின் ஜிப்சம் கழிவு பல பத்தாண்டுகளாகக் கடலில் கொட்டப்பட்டதால் காபெசு வளைகுடா மாசடைந்துள்ளது. இதனை எதிர்த்து 2025இல் அந்நகர மக்கள் பெருந்திரளாகப் போராடினர்.

புரட்சியும் பின்னரும்

கனிமம் உள்நாட்டில் கிடைத்தும் அங்கு வேலையின்மை நீடித்தது. 2008இல் சுரங்க நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு முடிவுகளை எதிர்த்துக் காப்சா பகுதியில் எழுந்த போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. 2010 டிசம்பர் 17 அன்று உள்நாட்டு நகரான சிடி பூசிட்டில், தள்ளுவண்டி வணிகர் முகம்மது பொவசீசி தம் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டதால் தீக்குளித்தார். 2011 சனவரி 4 அன்று இறந்தார். போராட்டம் நாடெங்கும் பரவியது. சனவரி 14 அன்று பென் அலி நாட்டைவிட்டு வெளியேறினார். மல்லிகைப் புரட்சி எனப்படும் இந்நிகழ்வைத் தொடர்ந்து பிற அரபு நாடுகளிலும் கிளர்ச்சிகள் எழுந்தன.

2014இல் புதிய அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. மக்களாட்சியைக் காக்க உதவிய நான்கு அமைப்புகளின் கூட்டணிக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் கைசு சயீது, 2021 சூலை 25 அன்று நாடாளுமன்றத்தை முடக்கினார். 2022இல் தலைவருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 2024இல் அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழ்நாட்டுடனான தொடர்பு

இந்தியாவில் தரமான பாசுபேட்டுப் பாறை போதிய அளவு இல்லை. எனவே பாறையும் பாசுபாரிக் அமிலமும் இறக்குமதி செய்யப்படுகின்றன. எண்ணூரில் உர ஆலை நடத்தும் கோரமண்டல் நிறுவனம், துனீசிய அரசு நிறுவனங்களுடனும் குஜராத் மாநில உர நிறுவனத்துடனும் சேர்ந்து, 2006இல் தொடங்கப்பட்ட துனீசிய-இந்திய உர நிறுவனத்தில் பங்கேற்றது. கரையோர நகரான சுகிராவில் அமைந்த இதன் ஆலை 2013இல் உற்பத்தியைத் தொடங்கியது.

2010இல் ஏறத்தாழ 80 இலட்சம் டன்னாக இருந்த துனீசியாவின் பாசுபேட்டு உற்பத்தி, புரட்சிக்குப் பிந்தைய பல ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வேலை கேட்டுச் சுரங்கப் பகுதி மக்கள் நடத்திய மறியல்கள் இதற்கு முக்கியக் காரணமாகும். பாறைத் தட்டுப்பாட்டால் சுகிரா ஆலையும் முழுத்திறனில் இயங்க இயலாமல் போனது.