உறைக்குள் உறை: அஞ்சல் வாக்கின் காப்பும் கடமையும்

தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அது இன்றைய வாக்களிப்பு அன்று. தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டுச் சீட்டாக எடுக்கும் முறையே. எனினும் அதிலுள்ள ஒரு விதி நம் சிந்தனைக்குரியது. சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பதே அவ்விதி. மூடிய கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாது என்பது அதன் கருத்தாதல் வேண்டும்.

தேர்தலில் நடைமுறை வெளிப்படையாயிருத்தல் வேண்டும். வாக்காளரின் தேர்வோ மறைவாயிருத்தல் வேண்டும். வாக்குச்சாவடியில் இவ்விரண்டும் எளிதில் கைகூடும். அஞ்சல் வாக்கில் வாக்காளர் நம் கண்முன் இல்லை; சீட்டோ பலர் கைகளைக் கடந்து வருகிறது. அங்கே இவ்விரண்டையும் காப்பது எங்ஙனம்?

யாருக்கு உரியது?

1961 ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் அஞ்சல் வாக்குக்கு உரியவர்களை வகுத்துரைக்கின்றன. அவர்களுள் பலர் நம் தாம்பரம் வட்டாரத்திலேயே உள்ளனர். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பணிபுரியும் பிற மாநிலத்து வீரர் தம் சொந்தத் தொகுதிக்கு வாக்கை அனுப்புகிறார். இத்தகைய படைவீரர்களுக்குச் சீட்டு மின்னணு வழியே வந்து சேரும். அதனை அச்சிட்டுக் குறியிட்டு அஞ்சலில் திருப்பியனுப்புவர். இம்முறை 2016 இல் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாகக் கையாளப்பட்டது.

அடுத்தவர் தேர்தல் பணியேற்கும் ஆசிரியர். நாடாளுமன்றத் தேர்தலில் தம் தொகுதிக்குள்ளேயே பணி அமைந்தால், பணிச்சான்றிதழைக் காட்டி அச்சாவடியிலேயே அவர் வாக்களிக்கலாம். ஆனால் சோழிங்கநல்லூர் தென்சென்னைத் தொகுதியிலும், தாம்பரம் திருப்பெரும்புதூர்த் தொகுதியிலும் அடங்கியவை. சோழிங்கநல்லூர் வாக்காளர் தாம்பரத்தில் பணியாற்ற நேர்ந்தால் அவருக்கு அஞ்சல் வாக்கே வழி. தடுப்புக் காவலில் உள்ளோர்க்கும் இவ்வுரிமை உண்டு.

மூன்றாமவர் முதியோர். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் தமிழ்நாட்டில் இவ்வசதியை முதன்முறையாகப் பெற்றனர். 2024 மார்ச்சில் அவ்வயது வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளியாயின் ஊனம் 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். இவர்களது சீட்டு அஞ்சற்பெட்டியை நாடுவதில்லை. தேர்தல் அலுவலர் குழு காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் இல்லத்திற்கே வந்து வாக்கைப் பெற்றுச் செல்கிறது.

இரண்டு உறைகள்

இம்முறையின் நுட்பம் இரண்டு உறைகளில் அடங்கியுள்ளது. குறியிட்ட சீட்டைச் சிறிய உறையில் இட்டு ஒட்ட வேண்டும். அது படிவம் 13-பி. ‘இச்சீட்டில் குறியிட்டவன் நானே’ என்னும் உறுதிமொழியில் ஒப்பமிட்டு, உரிய அலுவலரிடம் சான்றொப்பம் பெற வேண்டும். அது படிவம் 13-ஏ. இவ்விரண்டையும் பெரிய உறையில் இட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அது படிவம் 13-சி. ஆக, உறுதிமொழியில் பெயர் உண்டு, தேர்வு இல்லை. சீட்டில் தேர்வு உண்டு, பெயர் இல்லை.

வாக்கு எண்ணும் நாளில் முதலில் பெரிய உறையைத் திறந்து உறுதிமொழியை ஆய்வர். ஒப்பமும் சான்றொப்பமும் உள்ளனவா, சீட்டின் வரிசை எண் சிறிய உறையின் மேலுள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பர். குறையிருப்பின் சிறிய உறை திறக்கப்படாமலே தள்ளப்படும். குறையற்றவற்றின் உறுதிமொழிகளைத் தனியே பிரித்து வைத்த பின்னரே சிறிய உறைகளைத் திறப்பர். இவையனைத்தும் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் நிகழ்வன. அலுவலரின் கை விரிந்திருக்கிறது. வாக்காளரின் தேர்வு மூடியிருக்கிறது.

ஓர் ஒப்பத்தின் விலை

இத்துணைக் காப்பும் ஓர் ஒப்பத்தால் பயனற்றுப் போகலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் வெற்றி வேறுபாடு 49 வாக்குகளே. அங்கே 203 அஞ்சல் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர் அதற்குரிய தகுதி பெற்ற அலுவலர் அல்லர் என்பதே காரணம். 2019 இல் சென்னை உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட, எண்ணிக்கையும் நடந்தது. ஆயினும் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021 இல் அப்பேரவையின் காலமும் முடிந்தது. வாக்களித்தவர் பிழை செய்தாரா, தள்ளியவர் பிழை செய்தாரா என்ற வினா எழுந்ததற்கு ஒரு கையொப்பமே காரணம்.

இத்தகைய இடர்களைக் களைய விதிகளும் வளர்ந்துள்ளன. 2023 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தேர்தல் பணியாளர் வாக்களிப்போர் வசதி மையத்திலேயே சீட்டைப் பெற்று, குறியிட்டு, அங்கேயே சேர்ப்பிக்க வேண்டும். சீட்டு பல நாள் வீட்டில் கிடந்து பிறர் வற்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு இதனால் குறைகிறது. வெற்றி வேறுபாடு தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகளின் எண்ணிக்கையினும் குறைவாயின், அவை அனைத்தையும் மறுபடி ஆராய வேண்டும் என்பதும் ஆணையத்தின் நெறி.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வாக்காளர் அனைவருக்கும் சீட்டு அஞ்சலிலேயே செல்கிறது. உறையின் மேலுள்ள கையொப்பம் பதிவேட்டிலுள்ளதோடு பொருந்தாவிடின், வாக்காளருக்கு அறிவித்துக் குறையைச் சரிசெய்ய அவகாசம் தருகின்றனர். நம் நாட்டில் தள்ளப்பட்ட உறையின் உரியவருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அது நம் முறையிலும் இடம்பெறுதல் நன்று.

நம் கடமை

அதுகாறும் விழிப்பே நமக்குக் காவல். பணியாணை பெறும் ஆசிரியர் பயிற்சி நாளிலேயே விண்ணப்பத்தை அளித்து, ஒப்பமும் எண்ணும் சான்றொப்பமும் சரியாயுள்ளனவா என ஒருமுறைக்கு இருமுறை பார்த்தல் வேண்டும். சீட்டில் பெயரோ கையொப்பமோ இட்டால் அது செல்லாததாகும். அஞ்சலில் அனுப்புவோர், எண்ணிக்கை தொடங்கும் நேரத்திற்குப் பின் வரும் உறை திறக்கப்படாது என்பதை மறத்தலாகாது. இல்லத்தில் வாக்களிக்க விரும்பும் முதியோர், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் படிவம் 12-டி அளிக்க வேண்டும். அவ்வசதி வழங்கப்பட்ட பின் வாக்குச்சாவடியில் வாக்களிக்க இயலாது.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் படிவத்தை நிரப்ப உதவுங்கள். குழுவினர் இல்லம் வரும்போது அவர்களைத் தனியே விட்டு விலகி நில்லுங்கள். பார்வையற்றோர்க்கும் நலிந்தோர்க்கும் துணையாளாக நிற்க நேரின், அவர் சொன்னதையே குறித்து, அதனை எவரிடமும் உரையாதிருங்கள். முதியவர் கையிலிருக்கும் சீட்டு குடும்பத்தின் சொத்தன்று; அது அவருக்கே உரிய உரிமை.