மைக்கோடு மெல்லப் பேசுவோம்!



போன வருஷம் விடுதி நாள் விழாவில் நான் பாடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் வரியிலேயே கத்தினேன். ஆம்ப்ளிஃபையர் தாங்காமல் குரல் உடைந்து கரகரத்தது. பயந்துபோய் மைக்கை விட்டுத் தள்ளி நின்றேன். சத்தம் குறைந்ததும் வால்யூமைக் கூட்டினார்கள். ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து 'கூ...' என்று ஊளை! அரங்கமே சிரித்தது. அப்புறம் இரண்டு மாசம் நான் பாட வாயே திறக்கவில்லை.

தப்பு எங்கே? நான் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பையன். கரைவலை இழுக்கும்போது அலைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தே வளர்ந்தவன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆளும் நான்தான். மெல்லப் பாடினால் யாருக்குக் கேட்கும் என்று நினைத்துவிட்டேன்.

அமெரிக்காவில் 1930-களிலும் 40-களிலும் 'பிக் பேண்ட்' இசைக்குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும். அத்தனை முழக்கத்துக்கு நடுவே பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா போன்றவர்கள் காதோடு பேசுவதுபோலப் பாடினார்கள். மைக் தந்த வரம் அது! நம் திரையிசையில் ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் குரல்களில் அந்த மென்மையையும், சந்திரபாபு பாட்டில் மேல்நாட்டுத் துள்ளலையும் கேட்கலாம்.

மெல்லிசைக் குழுவில் பாடும் சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லித்தர, கொளவாய் ஏரிக்கரையில் பழகினேன். கற்றது மூன்று.

ஒன்று, மூச்சு. சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்சி குழுவில் பாடியவர். டார்சி ட்ராம்போன் ஊதும்போது மூச்சு வாங்குவதே தெரியாதாம். அதைக் கவனித்த சினாட்ரா, தண்ணீருக்கடியில் மூச்சடக்கி நீந்திப் பழகினாராம். அட, கடற்கரைப் பையனுக்கு இது தெரிந்த வித்தையாச்சே! வயிறு நிரம்ப மூச்சிழுத்து, வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் மறுமூச்சு வாங்க வேண்டும்.

இரண்டு, மைக். மேடையில் கொடுக்கும் ஒருதிசை மைக்கில், வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். மெல்லிய இடத்தில் நாலு விரல் தூரம், உச்சத்தில் ஒரு சாண். 'ப' வரும்போது முகத்தைச் சற்றே திருப்பினால் 'பொத்'தென்று காற்று மோதாது.

மூன்று, ஸ்விங். 'தக தக' என்று சமமாகச் சொல்லாமல், ஒரு தட்டை மூன்று பங்காக்கி, ஏறக்குறைய 'த'வுக்கு இரண்டு, 'க'வுக்கு ஒன்று கொடுங்கள். நடை தானாக ஊஞ்சலாடும். சில சொற்களைத் தட்டுக்கு இமைப்பொழுது பிந்திப் போட்டால் இன்னும் அழகு. ஆனால் மனசுக்குள் தாளம் தவறக்கூடாது.

ஆடி மாசம் எங்க ஊர் அம்மன் திருவிழாவில் மறுபடி மேடை ஏறினேன். கை நடுங்கியது. ஆனால் கத்தவில்லை. அப்பா கூட்டத்தின் கடைசியில், கடல் பக்கமாக நின்றிருந்தார். இறங்கி வந்ததும், "என்னடா, பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருந்துச்சு" என்றார். எனக்கு அது போதும்!

நண்பர்களே! நம்மில் பலர் வகுப்பில் கேள்வி கேட்கவும், இன்டர்வியூவில் பேசவும் தயங்குகிறோம். கத்தவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். மைக் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நம் குரலும் கேட்கும்!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை